டபுள் பேஸின் இரும்புக் கால்

அம்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவில் பெரில் தர்கெட்டில் என்பவள் ஒருத்திதான் ஜெர்மனிக்கு வாத்தியம் இல்லாமல், வில்லை மட்டும் தூக்கிக்கொண்டு போவாள். அவள் வாசிக்கும் டபுள் பேஸ் ஆளைவிட உயரமான ராட்சச வயலின்; அதை பஸ்ஸில் ஏற்றினால் நாலு பேரை இறக்கிவிட வேண்டியிருக்கும். யாரை இறக்கலாம் என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள், அது வேறு விஷயம்.

இங்கிலாந்தில், நார்ஃபோக்கில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். கல்யாணம் நிலைக்கவில்லை, ஆர்கெஸ்ட்ரா நிலைத்தது. ஒரு வருஷம் இவர்கள் ஜெர்மனியில் லோஹாகன் ஊர் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கப் போவார்கள், மறு வருஷம் அவர்கள் இங்கே வருவார்கள். ஊருக்கு ஒரே ஒரு பேஸ்தான். அதனால் கச்சேரியின் முன்பாதி உள்ளூர்க்காரருக்கு, பின்பாதி விருந்தாளிக்கு என்று முப்பது வருஷமாக வழக்கம்.

லோஹாகனில் வாசித்தவர் எக்கார்ட் வீஸ்னர். தபால் ஆபீஸ்காரர், ஆறரை அடி. பெரில் ஐந்தடியைத் தொட்டதே பெரிய விஷயம். பேஸின் அடியில் தரையில் ஊன்றும் இரும்புக் கால் ஒன்று உண்டு. திருகைத் தளர்த்தினால் அதை நீட்டலாம், குறைக்கலாம். இடைவேளை தோறும் அதை வைத்து ஒரு சண்டை.

"இது பேஸா, பிடிலா? குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பே போச்சு, குட்டையம்மா!"

"தந்திக்கம்பமா வளர்ந்தது உன் தப்பு. நீ வாசிச்சதை நான் வாசிக்க ஏணி வேணும்!"

விருந்தாளி தான் வைத்த உயரத்தை மாற்றாமலே விட்டுப்போவது அவர்களுக்குள் ஒரு சீண்டல். அவர் போன பின் வரும் ஒத்திகையில் பெரிலின் பேஸ் எக்கச்சக்க உயரத்தில் நிற்கும். திட்டுவாள். ஆனால் உடனே இறக்க மாட்டாள். சற்று நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். காதலா என்று யாராவது கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் மனைவி இர்ம்கார்டும் அவளும் அவ்வளவு நெருக்கம்.

போன வருஷம் அவர்கள் வந்தபோது எக்கார்ட் மட்டும் வரவில்லை. "இடுப்பு வலிம்மா. அடுத்த வருஷம் நீ வா, பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னார். குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வருஷம் இர்ம்கார்டின் வீட்டுக்குள் நுழைந்ததுமே பெரில் சொல்லிவிட்டாள்: "நான் வாசிக்கப் போறதில்லை. கேக்கத்தான் வந்தேன்."

"அப்ப வில்லை எதுக்குக் கொண்டு வந்தே?"

பெரில் வில்லை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள்.

"டோர்பன்னு ஒரு பையன் புதுசா சேர்ந்திருக்கான், வாத்தியார் வேலை. அவரோட பேஸைக் கேக்கறான்" என்றாள் இர்ம்கார்ட். "நான் யாருக்கும் குடுக்கல. பேஸுக்குப் பதிலா சின்ன வாத்தியம், செல்லோவை வச்சே ஒப்பேத்தறாங்க. அது போயிட்டா இந்த மூலை காலியாயிடுமே."

அப்படியே பூட்டிக் கிடந்தால் அடுத்த தடவை இங்கே வர தனக்கும் ஒரு காரணம் இருக்காது என்று பெரிலுக்குத் தெரிந்தது. உறையைக் கழற்றி பேஸை நிமிர்த்தினாள். திருகைத் தேடிக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அவளுக்கென்று அளந்து வைத்த மாதிரி இருந்தது உயரம்.

"யாரு இறக்கினது?"

"நீதான். ரெண்டு வருஷம் முன்னால நீ வாசிச்சிட்டுப் போனப்புறம் அவர் வாசிக்கவே இல்லை. கை நடுக்கம். உங்கிட்ட சொல்ல வெக்கம், இடுப்புன்னுட்டார். ஏத்தி வைக்கட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம், குட்டையம்மா வருவா'ன்னார்."

பெரில் பேஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறைக்கவும் இல்லை.

மறுநாள் கச்சேரியில் அவளே இரண்டு பாதியும் வாசித்தாள். முன்பாதியில் இரண்டு இடத்தில் பிசகினாள், யாரும் கண்டுகொள்ளவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் மேடையிலேயே மண்டியிட்டு, திருகைத் தளர்த்தி, இரும்புக் காலை இழுத்தாள். எத்தனையோ வருஷமாகத் திருகு கடித்துக் கடித்து ஓரிடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. எக்கார்ட் வைக்கும் அந்த இடம் வரை நீட்டி முறுக்கினாள்.

இர்ம்கார்ட் மேடையேறி வந்து பேஸின் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "ஆமா, இவ்வளவு உயரம்தான் இருப்பார்" என்றாள்.

பிறகு டோர்பனைக் கூப்பிட்டாள். "நீ எடுத்துக்கோப்பா. ஆனா இவ வர்ற வருஷம் பின்பாதிக்கு இறக்கிக் குடுக்கணும், தெரிஞ்சுதா?"