தறிக்குழிக்குள் கிழட்டு நாய்

நாய் என்றால் எனக்குக் குலைநடுக்கம். அப்படிப்பட்ட நான் ஒரு நாயைக் காலடியில் ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் அன்றைக்கு எனக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும்.

யுத்த காலம். அருப்புக்கோட்டையில் நூல் கிடைக்காமல் தறிகள் சும்மா கிடந்தன. என் வீட்டுக்காரருக்குப் பஞ்சுக் கிட்டங்கியில் வேலை இருந்ததால் எங்கள் அடுப்பு எரிந்தது. பக்கத்து வீட்டு நெசவுக்கார அக்கா, அவள் புருஷன், நடை பழகும் பிள்ளை மூவருக்கும் ஒருவேளைக் கஞ்சிதான். அதிலும் கொஞ்சம் அவர்கள் வளர்த்த கிழட்டு நாய்க்குப் போனது. கண்ணில் பூ விழுந்து, பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். "திருச்சுழி ரோட்டுல கொண்டுபோய் விட்டுறலாம்" என்று அவள் புருஷன் சொன்னபோது, "மிச்சச் சோறு நான் தாரேன், வச்சுக்கங்க" என்று நான்தான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். தினமும் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிடுவேன்.

அப்போது யாரையோ வெறிநாய் கடித்துவிட்டது. வரி கட்டி வாங்கும் தகர வில்லை கழுத்தில் இல்லாத நாய்களை அடித்துக் கொல்ல ஆட்கள் கிளம்பினார்கள். அவள் புருஷன் வில்லை வாங்க ஆபீசுக்கு ஓடினார். அவர் வரும்வரை நாயை அக்கா வீட்டுத் தறிக்குழிக்குள், நெய்கிறவர் காலை வைக்கும் பள்ளத்தில், படுக்கவைத்தோம். நான் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுச் சேலையால் மூடிக்கொண்டேன். அதன் மூச்சு என் கணுக்காலில் பட்டது. கடித்தாலும் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தடியோடு இரண்டு பேர் வாசலுக்கு வந்தார்கள்.

"நாய் இருக்காம்மா?"

வாசலில் நின்ற அக்கா தரையையே பார்த்தாள். பதில் சொல்லவில்லை. "இல்லைங்க" என்று நான் உள்ளிருந்து சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏலே, உள்ள பாருலே" என்றான் ஒருவன்.

காலடியில் நாய் அசைந்தது. அக்கா வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் 'லே' என்றால் எழுந்திரு. காலையில் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லித்தான் அவள் அதை எழுப்புவாள். ஒளித்துவைத்தபோது இது எங்கள் புத்தியில் உறைக்கவே இல்லை.

"நீ பாருலே."

"தள்ளி நில்லுலே."

அவர்கள் சொல்லச் சொல்ல அது முக்கி முனகி எழுந்தது. காலால் அமுக்கிப் பார்த்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாகச் சேலைக்கு வெளியே தலையை நீட்டியது.

குழிக்குள் இறங்கி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"விடும்மா, கடிச்சிரும்" என்றான் தடிக்காரன்.

"வில்லை வாங்கப் போயிருக்காக. வார வரைக்கும் நில்லுங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு பொம்பிளையைத் தொட்டு இழுக்க அவர்களுக்குக் கூச்சம். நின்றார்கள். எவ்வளவு நேரமோ தெரியாது, வேர்க்க விறுவிறுக்க அவள் புருஷன் வில்லையோடு வந்து சேர்ந்தார்.

ஆட்கள் போன பிறகும் என் விரல்கள் பிரியவில்லை. அக்காதான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

"நான் தனியா இருந்திருந்தா குடுத்திருப்பேன்" என்றாள். "நீ வைக்கிறது பத்தாம நாங்க அதுக்கு ஊத்துற கஞ்சி எம் பிள்ளைக்கு ஆகுமேன்னுதான் பேசாம நின்னேன்."

தடியைப் பார்த்து வந்த பயம் வேறு, இது வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை பசியோடு கிடந்திருக்கிறது. நான் நாய்க்குச் சோறு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.