பூமயில் மூடிய கடை

கக்கத்தில் தெர்மாமீட்டரை இடுக்கிக்கொண்டே நெத்திலிக் கருவாட்டை எடை போடுகிறார் பூமயில். அக்காள்மடத்தில் சாலையோரம் அவருடைய கடை. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தபோது வந்த பழக்கம் இது. "வெள்ளணு கொறைஞ்சு கெடக்கையில நூறத் தாண்டுனா ஒடனே கெளம்பிரணும். நமக்கு அது சாதாக் காய்ச்சல் இல்ல" என்பார். கீமோ முடிந்து ஓராண்டு ஆகியும் விடவில்லை.

கீமோ எடுத்த மாதங்களில் நகங்கள் கறுத்தன, விரல்நுனி மரத்தது, வாசனையே தெரியாமல் போனது. மருந்து ஏற்றும் நாட்கள் தவிர, கடை திறந்தே இருந்தது. வாங்க வந்தவர்களிடமே கருவாட்டை நீட்டி, "மோந்து பாத்து நீங்களே சொல்லுங்க" என்று விற்றார்.

நோய் திரும்பாமலிருக்கப் போடும் ஊசிக்காக இன்னமும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அதே பேருந்தில் வருபவர் பாம்பன் ஹசன் அலி, படகு இன்ஜின் மெக்கானிக். அவருக்கு நுரையீரலில் கட்டி. அவருடைய ஊசி வேறு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதை விளக்கியபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பூமயில்தான் காதுகொடுத்துக் கேட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுற்றுலா வண்டிகள் வரிசையாக நிற்க, கடையில் கூட்டம். ஹசன் அலி துவண்டுபோய் நடந்து வந்தார்.

"என்னண்ணே, எங்கன போறீக?"

"மெடிக்கலுக்கும்மா. மூணு நாளா வயித்தால போகுது. சாப்புட்ட கறி சேரல."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"எட்டு, பத்து இருக்கும்."

பூமயில் தராசைக் கீழே வைத்தார். "அண்ணே, ஒங்க ஊசி ஒடம்போட எதிர்ப்புச் சக்திய உசுப்பி விடுற ஊசி. அது கட்டிய அடிக்கிறதோட நிக்காம, செல நேரம் கொடலையும் அடிச்சிருமாம். கடை மாத்திரையப் போட்டு அமுக்காதீக."

"ஞாயித்துக்கெழம போயி யாரைப் பாக்குறது? நாளைக்கிப் போறேன்."

பூமயில், வாங்க நின்றவர்களை அனுப்பிவிட்டுக் கடையை மூடினார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். வாடகைக் கார் பிடித்து, பாம்பனில் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கூட்டிப்போனார்.

பூமயில் சொன்னபடியே, ஊசியால் குடல் முழுக்கப் புண். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும் என்றார் டாக்டர். ஸ்டீராய்டு ஏற்றியதில் வயிறு மெல்ல அடங்கியது. பத்தாம் நாள் ஹசன் அலி வீடு திரும்பத் தயாரானபோது, தன் ஊசிக்காக வந்திருந்த பூமயிலை டாக்டர் அறைக்குள் அழைத்தார்.

"நர்ஸா வேலை பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார். கருவாட்டு யாவாரம்."

அந்த அறையில் நோயாளிகள் நின்றபடியே பேசிவிட்டு வருவதுதான் வழக்கம். பூமயில் டாக்டருக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.