ஆயிரத்துப் பத்து பவுண்டு

ஹார்லன் ஸ்டென்ரூடும் அவர் மகள் மாரிட்டும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, பிக்கப் வண்டியை எடை போட்டது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. ஊர்க் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் வண்டியை ஏற்றினார்கள். டீசல் தொட்டி நிறைந்திருக்க வேண்டும், உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்று மாரிட் முன்பே சொல்லியிருந்தாள். நாய் டாட்டியை இறக்கிவிட்டு ஹார்லன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"நானுமா இறங்கணும்?"

"இறங்குங்கப்பா. உங்க எடையைத் தனியாக் கூட்டிக்கிறேன்."

மாரிட், பில்லிங்ஸ் நகரத்தில் பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளர். வண்டி மொத்தமாகத் தாங்கக்கூடிய எடை கதவோர ஸ்டிக்கரில் இருந்தது. மேடை காட்டிய எடையை அதிலிருந்து கழித்தாள். மிச்சம் 2,150 பவுண்டு. அதற்கு மேல் ஒரு கைப்பிடி உப்புகூட ஏற்றக் கூடாது.

ஹார்லன் சட்டைப் பையிலிருந்து விளம்பரத் தாளை எடுத்தார். பிக்கப்பின் பின்பக்கத்தில் தூக்கி வைக்கிற கேம்பர். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள சின்ன வீடு. இரண்டைக் குறித்து வைத்திருந்தார். பெரியதற்கு நேரே போட்டிருந்த எடை 2,150.

"பாத்தியா! அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு."

"அது காலிப் பெட்டியோட எடைப்பா. தண்ணி ஊத்த மாட்டீங்களா? கேஸ், பேட்டரி, சாமான்? டாட்டி பின்னாடியே ஓடி வருமா?"

"டாட்டி எழுபதுதான். நான் இருநூத்திப் பத்து. வேணும்னா கொஞ்சம் இளைச்சுக்கிறேன்."

மாரிட் கூட்டிப் பார்த்தாள். "ஆயிரத்துப் பத்து பவுண்டு இளைக்கணும்."

அங்கிருந்து கேம்பர் விற்கும் இடத்துக்குப் போனார்கள். விற்பவன் டூவேன், ஹார்லனின் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"அண்ணே, இதுக்கெல்லாம் கவலைப்படுவாங்களா? பின் அச்சு மேல ரெண்டு காத்துப் பை மாட்டிட்டா வண்டி நிமிந்து நிக்கும். இங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க."

"நிமிந்துதான் நிக்கும்" என்றாள் மாரிட். "அச்சும் டயரும் பழசுதானே? இடுப்புல பெல்ட்டு கட்டிக்கிட்டா மூட்டை கனம் குறைஞ்சிடுமா?"

"உங்க பொண்ணு பொல்லாதவங்கண்ணே."

"பெத்தவனுக்குத் தெரியாதா" என்று ஹார்லன் சிரித்தார்.

பெரிய கேம்பருக்குள் அவர் மூன்று முறை ஏறி இறங்கினார். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம் என்றார். துணி மாற்ற இடம் இருக்கிறது என்றார். பாத்திரம் கழுவும் தொட்டி ஆழம் என்றார். ஒவ்வொரு முறையும் குளியலறைக் கதவைத் திறந்து, பார்த்து, மூடினார். சின்னதில் அந்த அறை கிடையாது.

ஹார்லன் முப்பத்தோரு வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். கோடையில் பாலங்களுக்கு எடை வரம்புப் பலகை நடுவார். பீட் கிழங்கு லாரி அளவுக்கு மீறி வந்தால் பாலத்தின் குறுக்கே தன் வண்டியை நிறுத்திவிடுவார். ஓட்டுபவன் ஒன்றுவிட்ட தம்பியாக இருந்தாலும் சரி, பாதிக் கிழங்கைக் கொட்டிவிட்டுத்தான் போகவேண்டும். மனைவி இறந்த பிறகு எதற்கும் யாரையும் கேட்டதில்லை. மகள் ஒருத்தியைத்தான் கேட்பார், அதுவும் கணக்கு மட்டும்.

பாலத்தில் அவர் காட்டிய கறார் மாரிட்டுக்குத் தெரியும். அதனால்தான் அந்த வார்த்தையை எடுத்தாள்.

"ஊருக்கெல்லாம் பலகை நட்டவர் நீங்க. உங்க வண்டிக்கு ஒரு நியாயமா?"

ஹார்லன் டூவேன் பக்கம் திரும்பி, "சின்னதையே எடுத்து வை" என்றார். தண்ணீர், நாய், ஆள் எல்லாம் சேர்ந்தும் அதில் இருநூற்றுப் பதினைந்து பவுண்டு மிச்சமிருந்தது. மாரிட்டுக்கு அன்று நிம்மதி.

நவம்பரில், மான் வேட்டைக்குப் போன இடத்தில், விடியுமுன் கேம்பரிலிருந்து இறங்கும்போது பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்தார். அவரைக் கண்டெடுத்தவர் பக்கத்துக் கூடாரத்து வேட்டைக்காரர். அடக்கத்துக்கும் வந்திருந்தார்.

"நல்ல மனுஷன்மா. ராவெல்லாம் நாலஞ்சு தடவை இறங்கி மரத்தடிக்குப் போவாரு. 'வயசாச்சு, குழாய் கெட்டுப்போச்சு'ன்னு அவரே கிண்டல் பண்ணிக்குவாரு."

அப்பா வீட்டுச் சமையலறை அலமாரியில் மாத்திரைப் புட்டி இருந்தது. சிறுநீர்க் கோளாறுக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த தேதி ஜூன்.

மாரிட் கணக்கை மறுபடி போட்டாள். ஆயிரத்துப் பத்து அப்படியே வந்தது. அந்த எடையோடு மலையிறக்கத்தில் டயர் வெடித்திருக்கலாம். வெடிக்காமலும் இருந்திருக்கலாம். தண்ணீருக்கு ஒரு வரி, கேஸுக்கு ஒரு வரி, நாய்க்கு ஒரு வரி போட்டிருந்தாள். அந்தக் கதவை ஏன் திறந்து திறந்து பார்க்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? மானம் பார்ப்பவர். சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம், வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மைல்ஸ் சிட்டியில் ஒரு கடை. பேசியவள் வயதான பெண்.

"ஹார்லன் இருக்காரா? அவர் சொல்லி வச்ச பெட்டி வந்து ஒரு மாசமாச்சு."

"நான் அவர் பொண்ணு. என்ன பெட்டி?"

"கையோட தூக்கிட்டுப் போற கக்கூஸும்மா, கேம்பருக்குள்ள வைக்கிறது. நிறைஞ்சா எவ்வளவு கனம்னு என் உயிரை எடுத்துட்டாரு. அம்பது பவுண்டு வரும்னேன். 'தாங்கும், என் பொண்ணு கணக்குல இடம் விட்டு வச்சிருக்கா'ன்னாரு. வேட்டைக்குப் போற வழியில வந்து எடுத்துக்கிறதாத்தான் பேச்சு. அப்புறம் போன் பண்ணி, 'உங்க பக்கம் ரோட்டுல பனி அதிகம், நான் வடக்கால சுத்திப் போறேன், திரும்பி வரும்போது எடுத்துக்கிறேன்'னாரு."

மாரிட் இருநூற்றுப் பதினைந்திலிருந்து ஐம்பதைக் கழித்தாள்.

"ஹலோ? இருக்கியாம்மா? பெட்டி மேல அவர் பேரை எழுதி வச்சிருக்கேன். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் கடை திறந்திருக்கும்னு அவர்கிட்டச் சொல்லிடு."