குடை படம் போட்ட மெத்தை

இதை நான் இட்டுக்கட்டியிருந்தால் முடிவை வேறு மாதிரி வைத்திருப்பேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நேரங்களில் பாதி என் கையெழுத்திலேயே ஒரு தாளில் இருக்கின்றன.

அப்போது நான் மழலையர் கல்வி டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவத்தில் எட்டு வாரம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பயிற்சி. அன்று கடைசி நாள். மூன்று மணிக்குள் குழந்தைகளைக் கவனித்து எழுதிய கோப்பை முடித்து, பெரிய டீச்சரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் ஏற்கெனவே ஒரு பருவத்தைக் கோட்டைவிட்டவள். இன்னொரு முறை தவறினால் படிப்பையே நிறுத்திவிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தான்.

அந்தக் காப்பகத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படம் உண்டு. மீன், சாவி, பட்டம், குடை... குவளையில், செருப்புத் தட்டில், மெத்தையின் ஓரத்தில், எல்லாவற்றிலும் அதே படம்தான். எழுத்து தெரியாத வயதில்லையா. நாங்களும் அவர்களை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். குடைக்கு இரண்டரை வயது. தலை வரை போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத்தான் தூங்குவான்.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை தூக்க நேரம். திரையை இழுத்து, விளக்கை அணைத்துவிடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய், ஒவ்வொரு குழந்தையின் முதுகிலும் உள்ளங்கையை வைத்து மூச்சைப் பார்க்க வேண்டும். பார்த்தபின் தாளில் ஒரு டிக். பன்னிரண்டு குழந்தைகள், பன்னிரண்டு கட்டங்கள்.

"மூச்சு பாக்கறதுக்கும் காலேஜா?" என்று ஆயாம்மா கிண்டல் செய்வார். "எங்கம்மா ஆறு பேரைப் பெத்து வளத்துச்சு. ஒரு பரீட்சை எழுதல."

"பாஸ் ஆயிருப்பாங்களா ஆயாம்மா?"

"நாங்க ஆறு பேரும் ஃபெயில்தான்."

அன்று சாப்பாடு முடிந்ததும் கோப்போடு கொஞ்ச நேரம் ஆசிரியர் அறையில் இருந்தேன். ஒரு மணிக்கு நான் தூக்க அறைக்கு வந்தபோது எல்லோரும் படுத்திருந்தார்கள். ஆயாம்மா சாவியைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு, தட்டுகளைக் கழுவப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

1:10. பன்னிரண்டு முதுகுகள். எல்லாம் சரி. குடை மட்டும் கொஞ்சம் சூடாக இருந்தான்.

1:20. செருப்புத் தட்டில் ஒரு இடம் காலி. குடை படத்துக்கு மேலே செருப்பு இல்லை. கழுவப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

1:30. குடையின் முதுகு போர்வையையும் மீறிக் கொதித்தது. கையை எடுத்தபோது உள்ளங்கை ஈரமாகியிருந்தது. உடனே பெரிய டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வெப்பமானி, வீட்டுக்கு போன், இரண்டு படிவம்... கோப்பில் இன்னும் நான்கு பக்கம் பாக்கி. இரண்டு மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

1:40. நான் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பன்னிரண்டு டிக்கையும் போட்டேன்.

1:43. மின்விசிறி 'கிர்... கிர்...' என்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அறையில் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது. அதுவரை ஒரு சத்தம் இருந்ததே அது நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

குடையின் மெத்தைக்கு ஓடினேன்.

முதுகில் கை வைத்தேன். சூடு இல்லை. அசைவும் இல்லை.

நான் மூச்சை இழுத்தேன். முதுகு மேலே எழுந்தது.

விட்டேன். தாழ்ந்தது.

அப்பாடா என்றிருந்தது. சரியாகப் பார்ப்பதற்காக என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்... முதுகு நின்றது.

இழுத்தேன். எழுந்தது.

பிடித்தேன். நின்றது.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். என் மூச்சு தடுமாறியது. கைக்கடியில் அந்தச் சின்ன முதுகு வெட்டிவெட்டி இழுத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு விரலைத் தூக்கிப் பார்த்தேன். முதுகு அமுங்கத் தொடங்கியது. திரும்ப வைத்தேன்.

மற்றக் கையைப் போர்வைக்குள் விட்டு அவன் முகத்தைத் தேடினேன்.

மெத்தைதான் தட்டுப்பட்டது.

மேலே என் உள்ளங்கையில் முதுகு... கீழே விரல்களுக்கு எதுவும் இல்லை.

1:50. தாள் நாற்காலியில் கிடந்தது. நான் போகவில்லை.

இழுத்தேன்... விட்டேன்.

1:55. முழங்கால் மரத்துப்போனது. கண்ணீர் போர்வையில் விழுந்தது.

இழுத்தேன்...

விட்டேன்...

2:00. விளக்கு எரிந்தது. வாசலில் பெரிய டீச்சர்.

"அங்க என்னம்மா பண்றே?"

"குடைக்கு... மூச்சு..."

"அவனையா? காய்ச்சல்னு நான் போன் பண்ணதும், அவங்கப்பா பன்னெண்டே முக்காலுக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. தாள்ல அவன் கட்டத்தை அடிக்கச் சொன்னேன். ஆயாம்மா சொல்லலியா?"

குனிந்து பார்த்தேன். போர்வை தட்டையாக, மடிப்புக் கலையாமல் கிடந்தது. என் கை அதன்மேல்.

கையை எடுத்தேன்.

மற்றப் பதினொரு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். மீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு தண்ணீர் கேட்டது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. இரவெல்லாம் கண்விழித்து எழுதியதில் மூளை குழம்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். 2:50க்குக் கோப்பில் கையெழுத்து வாங்கினேன்.

4:20க்குக் காப்பகத்துக்கு போன் வந்தது. நான் அப்போது பேருந்தில் இருந்தேன்.

நான்கு நாள் கழித்து, என் சான்றிதழை வாங்கப் போனபோது பெரிய டீச்சர் சொன்னார். வீட்டில் காய்ச்சல் ஏறி, 1:40க்கு மருத்துவமனை வாசலிலேயே குடைக்கு வலிப்பு வந்திருக்கிறது. தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"அப்புறம் தானாவே திரும்ப வந்துச்சாம். யாரும் ஒண்ணும் பண்றதுக்கு முன்னாடியே. பொழச்சுட்டான்னுதான் அவங்கப்பா நெனச்சிருக்காரு."

என் உள்ளங்கையைப் பார்த்தேன்.

"டாக்டருக்கே புரியலையாம். குழந்தைங்க மூச்சு வேகமா இருக்கும்ல? இது அப்படி இல்லையாம். எண்ணிப் பாத்திருக்காங்க. பெரியவங்க யாரோ விடற மாதிரி... மெதுவா, நீளமா..."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரியா ரெண்டு மணி வரைக்கும்."