ஒன்பது இலைக் கடிகாரம்

இது நடந்தது. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். கட்டாயம் வாருங்கள். பேய் நள்ளிரவில்தான் வரும் என்பது பேயைப் பார்க்காதவர்கள் கட்டிய கதை. என்னிடம் வந்தது பிற்பகல் 4:10-க்கு.

என் அண்ணன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அவர் ஒரு பழைய மரக் கடிகாரம் வாங்கினார். யாரோ இறந்துபோன வீட்டில் சாமான்களை விற்றார்களாம். இருபுறமும் முறுக்குத் தூண்கள். நெற்றியில் திராட்சைக் கொடி, ஒன்பது இலைகள், இலைக்கு இலை நரம்பு. "இது கடிகாரமில்ல, கலை!" என்று ஊரையே கூட்டி உரையாற்றினார். யாரையும் தொடவிடவில்லை. எட்டாம் நாள் அதைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்.

"உனக்குத்தாண்டா தம்பி."

அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, முட்டாளுக்கு.

என் மனைவிக்குக் கலங்கவில்லை. "உங்க அண்ணன் சும்மா குடுத்தாரா? நல்லா உதறிப் பாருங்க, தேள் இருக்கும்."

சாவி கொடுக்கவே இல்லை. ஓடியது.

முதல் நாள், 4:10. டங்... டங்... எண்ணினேன். ஒன்பது.

மறுநாள், 4:10. எட்டு.

கிழட்டுச் சாமான், கணக்கு மறந்திருக்கும் என்று சிரித்தேன்.

மூன்றாம் நாள் ஏழு. கொடியில் இரண்டு இலைகள் வாடியிருந்தன. மர இலைகள்...

நான்காம் நாள் ஆறு. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, அந்தக் கடிகாரம்..."

"எத்தனைல இருக்கு?"

நான் இன்னும் எதுவுமே சொல்லவில்லை.

"அண்ணா?"

"எனக்குப் புள்ளைங்க இருக்குடா."

வைத்துவிட்டார். எனக்கும் இரண்டு இருக்கின்றன. அவரை 'பெரியப்பா' என்றுதான் கூப்பிடுகின்றன.

ரிப்பேர்காரர் வந்து பின்கதவைத் திறந்தார்.

"சார்... மணி அடிக்கிற சுத்தியலே இதுல இல்லையே."

கதவின் உட்புறத்தைக் காட்டினார். "ரிப்பேர் பண்றவங்க பேரைக் கீறி வைக்கிறது வழக்கம். ஆனா இது..."

கடைசிப் பெயர் என்னுடையது. அண்ணன் கையெழுத்து. அதற்கு மேலே அண்ணன் பெயர், குறுக்கே கோடு. அதற்கும் மேலே ஒரு பெயர். கோடில்லை.

ரிப்பேர்காரர் தன் பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடினார்.

கடிகாரத்தை விற்ற வீட்டைத் தேடிப்போய் விசாரித்தேன். கோடு விழாத பெயர், இறந்துபோனவருடையது.

உயிர் போன நேரம், பிற்பகல் 4:10.

நேற்று இரண்டு அடித்தது.

இப்போது மணி 4:02. ரிப்பேர்காரரின் கீறும் ஊசி என் கையில்.

அருமையான வேலைப்பாடு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள்...