நடு இல்லாத வலைக்கு ஒரே பிளக்

பாலேந்திரா லண்டனில் டூட்டிங் பகுதியில் கார் ஓட்டப் பழக்குபவர். தன் காலடியில் இரண்டாவது பிரேக் உள்ள காரில் நாள் முழுதும் உட்கார்ந்துகொண்டு, கட்டுப்பாடு எவர் கையிலும் இருக்கக் கூடாது என்று மாணவர்களுக்குப் போதிப்பார். அவர் சொல்வது கணினியைப் பற்றி. நடுச்சந்தியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்பவர்களுக்கு அது உடனே விளங்குவதில்லை.

மோர்டனில் அவர் வீட்டுச் சின்ன அறையில் ஒரு கணினி ஏழு வருடமாக அணையாமல் ஓடுகிறது. இலவச லினக்ஸ் மென்பொருளை, கணினிகள் தங்களுக்குள் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் டொரண்ட் வழியாக, முகம் தெரியாதவர்களுக்கு அள்ளி அனுப்புவது அதன் வேலை. அதே வீட்டின் வைஃபை கடவுச்சொல்லை அவர் மைத்துனருக்குக்கூடச் சொன்னதில்லை. பாதுகாப்பாம்.

அங்குள்ள தமிழ்ப் பள்ளிக்குப் பத்துப் பழைய மடிக்கணினிகள் நன்கொடையாக வந்தபோது அவருடைய காலம் வந்தது. தமிழ் விசைப்பலகை சேர்த்து அவரே ஒரு லினக்ஸ் பதிப்பைக் கட்டியிருந்தார். பள்ளித் தலைவர் சபாரத்தினம் ஒரு நிபந்தனை வைத்தார்: சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நிர்வாகக் குழு கூடுமுன் பத்திலும் அது இறங்கி முடிய வேண்டும். இல்லையென்றால் கடையில் விற்கிற மென்பொருள்தான்.

"ஒரு யுஎஸ்பி ஸ்டிக்கில போட்டுக்கொண்டு வந்தால் சரிதானே, தம்பி?"

"அது பிச்சை போடுற மாதிரி, அண்ணை. இது பகிர்வு. ஒவ்வொரு மெஷினும் தன்னட்ட இருக்கிற துண்டை மற்றதுக்குக் குடுக்கும். தலைவர் எண்டு ஒராள் தேவையே இல்லை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு எல்லாம் நின்றது. பத்தும் தங்களிடம் இருந்த துண்டுகளைத் தங்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, கூடாமல் குறையாமல் அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றன. இவ்வளவு முழுமையான சமத்துவத்தை அந்த நிர்வாகக் குழு அதற்கு முன் கண்டதில்லை. மிச்சத் துண்டுகள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன: மோர்டன் வீட்டுச் சின்ன அறைக் கணினியில்.

பாலேந்திரா வீட்டுக்கு அழைத்தார். பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டது. மனைவி வசந்தமலரின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"தூசிக்கு வக்கூம் பிடிக்க பிளக் வேணுமெண்டு உங்கட பெட்டியைக் கழட்டினனான்."

"ஐயோ, உடன செருகும்!"

"மாடிப்படி இன்னும் ஆறு கிடக்கு. முடிச்சிட்டுச் செருகிறன்."

"இஞ்ச பத்து மெஷின் நிக்குதப்பா!"

"அதுகளுக்குத் தலைமை தேவையில்லையெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். தங்கட பாட்டில ஓடட்டும்."

சபாரத்தினம் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஆறு படிதானே, தம்பி. பொறுப்பம்."

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கப் பத்தாவதும் நூறைத் தொட்டது. "மூடாதேங்கோ! இனி நாங்கள் மற்றாக்களுக்குக் குடுக்கோணும்" என்றார் பாலேந்திரா. அதற்குள் சிற்றுண்டிக்கு ரோல்ஸ் தட்டு வந்துவிட்டது. பத்து மடிக்கணினி மூடிகளும் படபடவென்று மூடின.

லினக்ஸ் வென்றது. கூட்டக் குறிப்பில், பள்ளியின் சேவரை, அதாவது நடுக் கணினியை, சிறப்பாகப் பராமரித்த திருமதி வசந்தமலருக்கு நன்றி என்று எழுதினார்கள். சேவர் என்று ஒன்று இல்லவே இல்லை என்று பாலேந்திரா திருத்தம் கேட்டார். எவரும் வழிமொழியவில்லை.

அன்று மாலை சின்ன அறையில் பிளக்கின் மேல் ஒரு தாள் ஒட்டப்பட்டது: "என் அனுமதியின்றி எவரும் தொடக் கூடாது."