மிச்சமா, எடுத்து வைத்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில் ஒரு சபா வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். டிரைவர் மீதிச் சில்லறையைக் கொடுக்காமல் வாசலில் கட்டியிருந்த துணி பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மாசமா கீறவங்களுக்கு கவர்மென்ட்டு பணம் குடுக்குதா?"

நானும் நிமிர்ந்து பார்த்தேன். ‘கருவுக்கு அரசு பணம் தரலாமா? மாபெரும் பட்டிமன்றம்.’ கீழே நடுவர் என்று என் பெயர். ‘கரு ஆராய்ச்சிக்கு’ என்றுதான் எழுதச் சொன்னார்களாம். துணியில் இடம் போதவில்லை என்று பெயின்டர் ஆராய்ச்சியைக் கழற்றிவிட்டார்.

"எங்க வூட்ல இப்ப ஏழாவது மாசம் சார். பேரு எங்க குடுக்கணும்?"

விளக்கிச் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம். "அப்ப பொறந்த புள்ளைக்கும் இல்ல, பொறக்கப்போற புள்ளைக்கும் இல்லயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே பேசிய பலர் இதைவிடச் சுமாராகத்தான் பேசினார்கள் என்பது வேறு விஷயம்.

சபா செயலாளர் நாகராஜன் எப்போதும் மாமியார்-மருமகள் தலைப்பில் நிற்கிற மனிதர். இந்த முறை திடீரென்று விஞ்ஞானம். "அமெரிக்காவுல இப்ப இதுதான் சார் பேச்சு. நாம மட்டும் பின்தங்கலாமா?" என்றார். அங்கே பேசுகிறார்கள் என்பது உண்மைதான். கரு உருவாகிச் சில நாட்களே ஆன நிலையில் அதிலிருந்து எடுக்கிற ஸ்டெம் செல்... இன்னும் எதுவாகவும் ஆகாத செல். நரம்பாகவும் ஆகலாம், இதயத் தசையாகவும் ஆகலாம். கை நடுக்கத்துக்கும் சர்க்கரைக்கும் ஒரு நாள் இதிலிருந்து மருந்து வரக்கூடும் என்கிறார்கள். ஆனால் செல்லை எடுத்தால் அந்தக் கரு மிஞ்சாது. இதற்கு மக்கள் வரிப்பணத்தைக் கொடுக்கலாமா? இதுதான் சண்டை.

வழக்கமாக நான் பட்டிமன்றத்துக்குப் போகும்போது தீர்ப்பும் சட்டைப் பையிலேயே இருக்கும். நடுவராக இருந்தவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். இரண்டு அணியையும் தட்டிக்கொடுத்து, நடுவில் ஒரு ஜோக் வைத்து, கைதட்டல் வரும் பக்கமாகச் சாய்ந்துவிட்டால் வேலை முடிந்தது. தீர்ப்பைக் கேட்டு வீட்டில் போய் யாராவது எதையாவது மாற்றியிருக்கிறார்களா?

அந்த தைரியம்தான் சனிக்கிழமை காலையில் போய்விட்டது.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மாடி வீட்டு சுதா வந்தாள். கணவன் முரளிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் சின்ன லேத் பட்டறை. கல்யாணமாகி வெகு காலம் குழந்தையில்லாமல், டெஸ்ட் டியூப் முறையில் பிறந்தவள் ஸ்ருதி. மூன்று வயது. படிக்கட்டில் ஏறும்போதே அவள் குரல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்.

"மாமா, நீங்கதான் நடுவராமே?" என்றாள் சுதா. உட்காரவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். ஸ்ருதி உருவான அதே சமயத்தில் உருவான இன்னும் மூன்று கருக்கள் ஆஸ்பத்திரியில் உறைய வைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்ருதி பிறந்தபோது சிக்கலாகி, சுதாவின் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. இனி அந்த மூன்றும் அவளிடம் வர முடியாது. வேறொருவர் வயிற்றில் வளர்க்க இருவருக்கும் மனமில்லை. என்ன செய்யலாம் என்று டாக்டர் கேட்கிறார். அழித்துவிடலாம். அல்லது ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். வெளியூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடம், அரசுப் பணம் கிடைத்தால் ஆரம்பிக்கப் போகிறார்களாம்.

"அவர் உன் இஷ்டம்ங்கறார். எனக்கு ஒண்ணும் புரியலை. நீங்க என்ன தீர்ப்பு சொல்றேளோ அதையே பண்ணிடறோம் மாமா."

‘அதெல்லாம் மேடைப் பேச்சும்மா’ என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தபிறகு, ‘நாளைக்கு சபாவுக்கு வாம்மா’ என்றுதான் சொன்னேன்.

ஆக, ஞாயிறன்று முதல் முறையாக ஒரு நடுவர் பேச்சாளர்களைக் கவனித்துக் கேட்டார்.

‘தரலாம்’ அணிக்கு ஒரு இளம் டாக்டர், ராயப்பேட்டையில் கிளினிக் வைத்திருப்பவர். நன்றாகப் பேசினார். கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியாத நோயாளிகளைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசைப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "எப்படியும் வீணாகப் போகிற உபரிக் கருக்கள். அதில் ஒரு உயிர் பிழைத்தால் என்ன தப்பு?" என்றார். உபரி, மிச்சம், தேவைக்கு மேற்பட்டது... திரும்பத் திரும்ப அந்த வார்த்தைகள். மூன்றாவது வரிசையில், மடியில் ஸ்ருதியோடு உட்கார்ந்திருந்த சுதா ஒவ்வொரு ‘உபரி’க்கும் தலையைக் குனிந்துகொண்டாள்.

‘கூடாது’ அணிக்கு சாந்தோமிலிருந்து வந்த பிலோமினா டீச்சர். குரலை உயர்த்தவே இல்லை. "அது மனுஷ உயிரின் ஆரம்பம்னு நான் நம்பறேன். அரசாங்கப் பணம்னா அதில் நான் கட்டின வரியும் இருக்கு. என் கையால நான் செய்யாததை என் பணத்தால செய்யச் சொல்லாதீங்க." அதைக் கையிலிருந்த தாளில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

தீர்ப்பு சொல்ல எழுந்தேன். ஜோக்கைக் கைவிட்டேன். அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டால் இந்த வேலை நின்றுவிடாது, பணம் இருக்கிறவன் கதவைச் சாத்திக்கொண்டு செய்வான் என்றேன். ஏழைகளின் கிட்னி விலை போனதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். அரசுப் பணம் வந்தால் கூடவே கேள்வி கேட்க ஆட்களும் வருவார்கள். டீச்சர் மாதிரி ஆட்சேபிப்பவர்களும் கேட்கலாம். ஆகவே தரலாம்... ஆனால் பெற்றவர்கள் மனதாரச் சம்மதிக்காமல் ஒன்றைக்கூடத் தொடக்கூடாது. நல்ல கைதட்டல். நாகராஜன் மாலை போட்டார்.

சுதா கைதட்டவில்லை.

வெளியே காப்பி கொடுக்கிற இடத்தில் என்னிடம் வந்தாள். "நன்னாத்தான் சொன்னேள் மாமா. ஆனா எனக்கு அது உதவலை."

"ஏம்மா?"

"நீங்க அரசாங்கம் கொடுக்கலாம்னு சொன்னேள். நான் கேட்டது, நான் கொடுக்கலாமான்னு."

மாலை கழுத்தில் உறுத்தியது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அந்த டாக்டர் மிச்சம் மிச்சம்னே சொல்லிண்டிருந்தாரே," என்றாள். "எனக்கு அதுதான் பொறுக்கலை. நம்மாத்துல யாருக்காவது ஏதாவது கொடுக்கணும்னா, எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதையா கொடுப்போம்? முன்னாடியே எடுத்து வெச்சுட்டுத்தானே அப்புறம் நாம இலையில உட்காருவோம்? மிச்சம்னு நினைச்சா என்னால கொடுக்க முடியாது. தூக்கிப் போடவும் முடியாது."

பக்கத்தில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த பிலோமினா டீச்சர் திரும்பினார். "எங்க வீட்லயும் அப்படித்தாம்மா. விருந்தாளிக்குத் தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் சாப்பிடுவோம்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ கொடுத்தா எனக்குச் சம்மதமில்ல. அதை இப்பவும் சொல்வேன். ஆனா மிச்சம்னு யாரும் சொல்லக்கூடாது. அதுல நான் உன் கட்சி." சொல்லிவிட்டு, தூங்கி வழிந்த ஸ்ருதியைத் தோளில் வாங்கிக்கொண்டார். சுதா காப்பியைக் குடித்து முடிக்கும்வரை குழந்தை அவரிடம்தான் இருந்தது.

ஒரு மணி நேரம் அனல் பறக்க வாதாடினோம். எந்த அணியும் இந்த வார்த்தையைப் பற்றி யோசிக்கவில்லை. கொடுப்பதற்கும் கழிப்பதற்கும் நடுவில் இருக்கிற ஒரே வித்தியாசம் சில சமயம் ஒரு சொல்தானோ, என்னவோ?

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்தே சுதா போன் செய்தாள். பின்னால் ஸ்ருதியின் குரல்.

"கொடுக்கறோம்னு சொல்லிட்டோம் மாமா. டாக்டர் ‘அந்த உபரி மூணையும்’னு ஆரம்பிச்சார். உபரி இல்லை டாக்டர், எடுத்து வெச்சதுன்னேன். இவர் பட்டறைக்குப் போகாம கூடவே வந்திருக்கார். இவரும் ‘ஆமாம் சார், எடுத்து வெச்சது’ன்னார்."

அரசாங்கம் பணம் தருமா, அந்த ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பிக்குமா, தெரியாது. இவர்கள் எடுத்து வைத்துவிட்டார்கள்.

போனை வைப்பதற்கு முன், "மனசாரத்தான் கொடுத்தேன் மாமா. ஆனா அழுகையா வரது... கொடுத்துட்டு அழலாமா?" என்றாள்.

"அழலாம்மா," என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன தீர்ப்புகளில், சரி என்று எனக்கே நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.